ஒரு மரியாதை கூடுதல்

இன்று ஹெட்செட்டைக் காதில் மாட்டியதும் கோடாலித் தைலம் மணத்தது. நீ நாகூரிலிருந்து வாங்கி வந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டே இருப்பாயே, அதே மணம். நீ கொடுத்த ஹெட்செட். பஞ்சில் இன்னும் ஒட்டியிருக்கிறது. "வெறும் தலைவலிடி. என்னைப் பாக்காத, பாடத்தைப் பாரு" என்பாய். வெறும் தலைவலி இல்லை என்று மருத்துவமனையில் சொன்னபோது நீ பேசும் நிலையில் இல்லை; பிறகு வீடு திரும்பவும் இல்லை.

நாம் சேர்ந்து தொடங்கிய ஆசிரியைப் பயிற்சியில் எனக்கு இன்று கடைசி வகுப்பு. இதில் தேறினால்தான் ஜெர்மன் ஆசிரியை. வெளியே அறுவடை மிஷின் இரைச்சல். ஜன்னலைச் சாத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்தேன். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் நம் நர்சுப் பெண்கள். மதிப்பெண் போடுபவரும் அதில் ஒரு கட்டம். ஆள் இருக்கிறார்களா என்று தெரியாத வீட்டின் கதவைத் தட்டுவது போல இருந்தது.

முதல் வகுப்பிலும் இப்படித்தான் பயந்தேன். ஒரு பெண்ணை அழைக்க 'கொமென் ஸீ' என்று சொல்ல வேண்டும். 'வாருங்கள்' என்று அர்த்தம். அந்த 'ஸீ'யில்தான் மரியாதை. என் வாய் பழக்கதோஷத்தில் "கொமென் ஸீங்க" என்றது. கட்டங்களுக்குள் யாரோ சிரித்தார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போயிருப்பேன். பேசாமல் பார்வையாளராக இருக்க வேண்டிய நீ மைக்கைத் திறந்தாய்.

"சிரிக்காதீங்கம்மா. நம்ம 'ங்க'தான் அவங்க 'ஸீ'. டீச்சர் பயத்துல ரெண்டு மரியாதை குடுத்துட்டாங்க. ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் நான் "கேக்குதாங்க?" என்றதும் உன் குரல்தான் முதலில் வரும். "கேக்குது டீச்சர், சொல்லுங்க." ஏன் இப்படி முந்திக்கொள்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "இந்த பேட்ச்ல நம்ம ரெண்டு பேருதான் கிழவிங்க. ஒருத்திக்கு ஒருத்தி பதில் சொல்லலேன்னா வேற யாருடி சொல்லுவா?"

இன்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். கண் தானாக உன் பெயரைத் தேடியது. நெட் போய்விட்டதா, நான்தான் இல்லாமல் போய்விட்டேனா? 'கேட்கிறீர்களா' என்பதையே ஜெர்மனில் கேட்டுப் பார்த்தேன்.

"ஹோரென் ஸீங்க..."

ஒரு நர்சுப் பெண் மைக்கைத் திறந்தாள்; அவள் கட்டத்தின் ஓரம் பச்சையானது. "டீச்சர், ஒரு மரியாதை கூட வந்துருச்சு. திருப்பிக் குடுக்கவா?"

பாடத்தை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. தேறினேனா என்று இன்னும் சொல்லவில்லை. நாளை அடுத்த பேட்சில் ஆசிரியைப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு முதல் வகுப்பு. நான் பார்வையாளர். அவள் "கேக்குதா?" என்று கேட்கும்வரை என் விரல் மைக்கின் மேலேயே இருக்கும்.