பதினான்கு சின்னங்களும் ஒரு ஜாம் மூடி விளக்கும்

செப்டம்பர் 9

காலையிலிருந்து மழை. மழை நாளில் ஆம்ப்ரோஸுக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. மூன்று வருடம் முன்பு டாலி வளைவில் மூஸ் மான் மோதியதில் வந்த வினை. குதிரை உயரம், நீளக் கால். வண்டி அதன் காலைத்தான் தட்டும், அதன் உடம்பு முழுக்கக் கண்ணாடி வழியாக ஓட்டுபவர் மடியில் வந்து விழும். அந்தக் கழுத்தோடு என் புருஷன் இன்றும் அதே வளைவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். உள்ளே பத்தொன்பது பிள்ளைகள்.

பொழுது சீக்கிரம் சாயத் தொடங்குமுன், நவம்பருக்குள், நான் கொட்டகையில் செய்து வைத்திருக்கும் கருவி அந்த வளைவில் ஏறியாக வேண்டும். சாலையோரம் பெரிய மிருகம் வந்தால் சென்சார் உணர்ந்து பலகையில் மஞ்சள் விளக்கைச் சிமிட்டும், அவ்வளவுதான். மீன் ஆலையில் இருபத்திரண்டு வருடம் மின்சார வேலை பார்த்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. அதை நட அனுமதி வாங்குவதுதான் வித்தை.

தனி ஆளுக்கு அனுமதி கிடையாதாம். ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் வட்டாரத் துணை வலையத்தின் ஸ்டார்ட்அப் என்றால் உண்டாம். சேர்ந்துவிட்டேன். மாகாணத் தலைநகர் செயின்ட் ஜான்ஸிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் ஷெல்டன் என் கையைக் குலுக்கி, "இனிமே நீங்க தனியா இல்லைங்க வெர்னா" என்றார். எனக்கென்னவோ மிரட்டல் போலத்தான் கேட்டது.

செப்டம்பர் 22

எனக்கு ஆறு வழிகாட்டிகள். ஒருவர் டோனட் கடை நடத்தி மூடியவர். இன்னொருவர் சர்ச் பெண்கள் சங்கம், தினமும் ஜெபிக்கிறாராம். மான்களுக்காக. ஓட்டுநர்களைப் பற்றிக் கேட்டேன், அவர்களுக்கு பிரேக் இருக்கிறதே என்றார்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து வருடத்தில் நான் எங்கே இருப்பேன் என்று ஆறு பேரும் கேட்டார்கள். கொட்டகையில் என்றேன். தப்பான பதிலாம்.

செப்டம்பர் 30

"ஒரே நிமிடத்தில் உங்கள் கதை" பயிற்சி வகுப்பு. மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், சாலையில் மூஸ் மான் ஆபத்து என்று ஒரு நிமிடம் பேசிவிட்டு, மூன்று மணி நேரம் திரும்பி வந்தேன். வழியில் இரண்டு மூஸ்.

அக்டோபர் 6

அனுமதி வந்துவிட்டது! கூடவே பதினோராம் நிபந்தனையும் வந்தது. துணை நிற்கும் ஒவ்வொரு அமைப்பின் சின்னமும் பலகையில் தெளிவாகத் தெரிய வேண்டும். மொத்தம் பதினான்கு அமைப்புகள்.

யார் சின்னம் எங்கே என்று கூட்டம் நாலு மணி நேரம் நடந்தது. பனிவண்டிச் சங்கத் தலைவர் சிரிலுக்கு அவர் சின்னம் பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் சங்கத்தின் சின்னத்துக்குக் கீழே வரக் கூடாது. கர்லிங் சங்கத்துக்கோ பக்கத்தில்கூட வரக் கூடாது. எண் சீட்டு வாங்கிப் பரிசுக்கு ஆடும் பிங்கோ சங்கத்து மாக்சின் அக்கா ஒன்றும் சண்டை போடவில்லை. சின்னமெல்லாம் வேண்டாம், அந்த இடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் பிங்கோவில் ஜெயித்தவர் பெயரை மாட்டிக்கொள்கிறேன் என்றாள். கைதட்டி நிறைவேற்றினார்கள்.

விளக்குக்கு இடம் எங்கே என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சொந்தக் கல்யாணத்தில் இலை கேட்டவளைப் பார்ப்பது போல.

அக்டோபர் 7

சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்த விளக்கு இப்போது ஜாம் பாட்டில் மூடி அளவு.

அக்டோபர் 18

பலகை ஏறிவிட்டது. ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி பதினான்கு சங்கமும் வந்து ஆளுக்கொரு போல்ட் முடுக்கினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். சோதித்துப் பார்க்க மூஸ் வேண்டுமே. சிரில் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மூஸ் தலையைத் தோளில் தூக்கிக்கொண்டு புதருக்குள்ளிருந்து நடந்து வந்தார். அதே நேரம் புகைப்படக்காரர் ஃப்ளாஷ் அடித்ததால், விளக்கு சிமிட்டியதா என்று யாருக்கும் தெரியவில்லை. சிமிட்டியதாகத் தீர்மானம் போட்டார்கள்.

எங்கள் ஊர்வலக் கூத்தைப் பார்த்து ஆம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டே இருந்தான். கழுத்து வலிக்கும் என்றேன், கேட்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், ஒளிப்பானேன்.

நவம்பர் 10

வழக்கமாக இந்நேரத்துக்குள் டாலி வளைவில் நாலைந்து மோதல் நடந்திருக்கும். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை! ஷெல்டன் எழுதிய அறிக்கையில் நான் "வட்டாரத்தின் ஒளி". படித்துவிட்டு ஆம்ப்ரோஸ் சமையலறை விளக்கை அணைத்து, "நீதான் இருக்கியே" என்றான்.

நவம்பர் 21



ஆம்ப்ரோஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது டாலி வளைவில் நடுச்சாலையில் மூஸ். பேருந்து மெதுவாகப் போனதால் பிரேக் பிடித்து நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் விளக்கு, என் விளக்கு என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

"விளக்கா? அது எரியவே இல்லையே வெர்னா."

பிறகு எதற்கு மெதுவாகப் போனாய் என்று கேட்டேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "இன்னைக்கு வெள்ளிக்கிழமையில்ல. பிங்கோல யாரு ஜெயிச்சான்னு பார்த்தேன்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு வளைவுக்கு ஓடினேன். பலகைக்குப் பின்னால் இருக்கும் கருவிப் பெட்டியைத் திறந்தேன். கர்லிங் சங்கத்தின் போல்ட் என் கம்பிக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. நேராக. அறுத்துக்கொண்டு. அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே... ஐயோ, ஒரு நாள்கூட எரியலையே. நான் ஏன் திறந்து பார்க்கலை? அறிக்கையைப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனா? பத்தொன்பது பிள்ளைங்க. அவன் வேற.

நவம்பர் 22

வளைவில் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் எண்ணினேன். நாற்பத்தொரு வண்டிகள் வந்தன. முப்பத்தெட்டு பலகைக்கு முன்னால் வேகம் குறைத்தன. தங்கள் சங்கத்தின் சின்னம் மங்காமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பெயரைப் படிக்கிறார்கள். ஒரு ஆள் இறங்கிப் பனிவண்டிச் சின்னத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். குறைக்காத மூன்றும் வெளியூர் லாரிகள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குதான் ஊரைக் காப்பாற்றியிருக்கிறது.

நவம்பர் 26

கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். கருவி ஒரு நாளும் வேலை செய்யவில்லை, தப்பு என்னுடையது, எல்லோரும் உங்கள் சின்னங்களைப் பார்க்கத்தான் வேகம் குறைத்தார்கள். வலையத்திலிருந்து நீக்குவார்கள், அனுமதியும் போய்விடும் என்றே நினைத்தேன்.

சிரில்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப பஸ்ஸைக் காப்பாத்துனது எங்க சின்னமா?"

"உன் சின்னத்தை எவன் பார்த்தான்? பேரைப் பார்த்தாங்க" என்றாள் மாக்சின் அக்கா.

ஷெல்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வலையம்தாங்க கருவி. மூணு வருஷமா மேலிடத்துல இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

ஆறு ஊர்களுக்கு ஆறு பலகை வைக்கத் தீர்மானம். என் நிறுவனம் "வளர்ச்சிக் கட்டத்தை" எட்டிவிட்டதாம். லாரிக்காரனுக்கு நம் ஊர் பிங்கோ தெரியாது, விளக்கைப் பெரிதாக்க யாராவது ஒருவர் இடம் விடுங்கள் என்று கெஞ்சினேன். பலகை முழுக்க ஊரே இருக்கிறது, என் பெயர்கூட அதில் இல்லை என்று கத்தினேன். ஜாம் மூடிக்குமேல் ஒரு விரல் இடம் தர ஆளில்லை. கோபத்தில் என் குளிர்கோட்டைக்கூட அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 3

கம்பியை மாற்றினேன். போல்ட்டையும் நகர்த்தினேன். கர்லிங் சங்கத்திடம் சொல்லவில்லை.

டிசம்பர் 12

மாலை நாலரைக்கு டாலி வளைவில் வந்துகொண்டிருந்தேன். இந்தப் பைத்தியக்காரத்தனம் முழுக்கத் தெரிந்த நானே, வெள்ளிக்கிழமை என்பதால் கால் தானாக பிரேக்குக்குப் போனது. எட்டிப் பார்த்தேன்.

வெர்னா கீப்பிங், பரிசு உறைந்த வான்கோழி.

வண்டியையே நிறுத்திவிட்டேன். நான் பிங்கோவுக்குப் போயே இரண்டு மாதம் ஆகிறது. பிறகு போனில் கேட்டால் மாக்சின் அக்கா சாவகாசமாகச் சொல்கிறாள்: "உன் பேரு பலகையில இல்லைன்னு நீதானே கத்துன. அதான் உனக்கும் ஒரு சீட்டு போட்டேன். நிஜமாவே விழுந்துடுச்சுடி."

ஆனால் அது பிறகு. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சாலை நடுவே நின்று, என் பெயரைப் பார்த்துக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புதர் அசைந்தது. மூஸ் வந்தது, பெரிய பெண் மூஸ், பின்னால் குட்டி. நான் நிற்காமல் வந்திருந்தால் சரியாக அந்த இடத்தில் இருந்திருப்பேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போயின.

இரண்டும் எதிர்ப்புறப் புதருக்குள் மறைந்த பிறகு, ஜாம் மூடி விளக்கு சிமிட்டியது.

ஆறு வினாடி தாமதம். நாளைக்குக் காலையில் ஏணியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.