டயலில் 136.900

ஜனவரி 20, 2008. ஞாயிறு
பனி ஜாஸ்தி. எட்டு மணிக்கும் மலை தெரியவில்லை. துணி காயவில்லை.

மாலை ஹாம் ரேடியோ மன்றக் கூட்டம். நாற்காலி போட்டது நான், வரவேற்புரை நான், நன்றியுரையும் நான். லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. நடுவில் பேச வேண்டியதை மட்டும் மற்றவர்கள் பேசுவார்கள். செயலாளர் குமரவேல் போண்டா தட்டை நீட்டினார். நாங்கள் சமணர்கள், நயினார் வீட்டுக்காரர்கள், இருட்டின பிறகு வாயில் எதுவும் போட மாட்டோம், அவருக்கும் தெரியும். "ஒண்ணே ஒண்ணு மேடம்." வருஷா வருஷம் இதே.

விஷயம்: சைபீரியாவில் ஒரு ரஷ்யர். பெரிய ஆன்டெனாக் கம்பி கட்டி, நீண்ட அலையில் அனுப்பப் போகிறார். 25, 26, 27 மூன்று நாள். நம் நேரம் காலை 5 முதல் 6.30. மிக மெதுவான மோர்ஸ், ஒரு புள்ளிக்கே அரை நிமிஷம். காதுக்குப் பிடிபடாது. கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக விழும், அதைப் பார்த்து எழுத்தைப் படிக்கணும். இந்த அலையில் அனுப்ப நமக்கு அனுமதி இல்லை, கேட்கலாம். இந்தப் பக்கத்தில் இதுவரை யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. கிடைத்தவருக்கு, அதை உறுதிசெய்து அவர் கையெழுத்துப் போட்ட கார்டு வரும்.

எனக்கு அந்தக் கார்டு வேண்டும். இங்கே எழுதி வைக்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சுற்றறிக்கையில் ஒரே வரி. அலைவரிசை 136.900 கிலோஹெர்ட்ஸ். கை தூக்கினேன்.
"சார், இது டயல் எண்ணா, சிக்னல் எண்ணா?"
"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

ஒன்று இல்லை. ரேடியோ டயலில் தெரிவது ஒரு எண். அதோடு கம்ப்யூட்டர் போடும் ஓசை கூடி, காற்றில் போவது வேறு எண். ஓசை பொதுவாக வைக்கும் 800 ஹெர்ட்ஸ் என்றால், டயலில் 136.900, காற்றில் 137.700. தெருமுனையைச் சொல்லிவிட்டு வீட்டு நம்பரைச் சொல்லாமல் விடுவது மாதிரி. வேறு சமயம் என்றால் போகட்டும் என்று விடலாம். இந்த மெதுவான மோர்ஸுக்குத் திரையில் இருபது ஹெர்ட்ஸ் அகலம்தான் வைத்துப் பார்ப்போம். எண்ணூறு தள்ளி இருந்தால் ஒன்றுமே தெரியாது. இதை இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். அறிவிப்பில் காற்றில் போகும் எண்ணைப் போடுங்கள், இல்லையென்றால் டயல் எண்ணையும் ஓசையையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி. அவ்வளவுதான் கேட்டது.

ரஷ்யர் அனுப்பிய மெயிலைக் காட்டச் சொன்னேன். "அது நீளமா இங்கிலீஷ்ல இருக்கு மேடம். சாராம்சம் குடுத்துட்டேன்ல." டூ வீலர் ஷோரூம் ரகுபதி சிரித்தார். அவர் சிரித்தால் எல்லாரும் சிரிப்பார்கள். மன்றத்துக்கு பாட்டரி வாங்கிக் கொடுத்தவர்.

ஜன. 23, புதன்
பௌர்ணமி கிரிவலக் கூட்டம் நேற்றோடு போனது. ஆபீசுக்கு நேரத்துக்குப் போக முடிந்தது.

வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து இந்த அலையைப் பார்ப்பது வீண். எதிர்வீட்டு டிவி, மாடிவீட்டு ஸ்டெபிலைசர், தெரு முழுக்க டியூப்லைட். திரையில் இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. ரெக்கார்டு ரூம் வள்ளி அக்காவிடம் கேட்டேன். அடி அண்ணாமலையில் அவருக்குக் கொஞ்சம் கழனி, பக்கத்தில் வீடு எதுவும் கிடையாது.

"இன்னாத்துக்கு பத்மாம்மா, விடியக்காத்தால கழனியில?"
"ரஷ்யாவுல இருந்து ஒருத்தர் சிக்னல் அனுப்புறாருக்கா."
"இன்னா சொல்லுவாரு?"
"ஸ்டேஷன் பேரு மட்டும்."
"அவ்ளோதானா? அத்த போன்ல சொல்லக்கூடாதா?"

சிரித்துவிட்டேன். பம்ப் செட் ஓடினால் என் வேலை கெடும் என்றதும், மூணு நாளும் ஆறரைக்கு மேல மோட்டார் போட்டுக்கிறேன் போ என்றார். இத்தனைக்கும் அவருக்கு ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டி.

செய்ய வேண்டியது
கம்பி 120 மீ., இரண்டு தென்னைக்கு நடுவில் (இவர் ஏறுவாரா?)
கார் பாட்டரி, சார்ஜுக்குக் கொடுத்தது வாங்கணும்
லாப்டாப் நேரம் சரிபார்க்க
கொசுவத்தி
காஸ் புக் பண்ண
வெள்ளி ஒரு மணி பெர்மிஷன்

ஜன. 25, வெள்ளி
ஒன்றும் இல்லை.

நாலரைக்கே போய்விட்டோம். பனி சொட்டி லாப்டாப் நனையக்கூடாது என்று இவர் ஒன்றரை மணி நேரம் குடை பிடித்தார். சுற்றறிக்கை சொன்ன 136.900-ஐத் திரையின் நடுவில் வைத்து, கண் கொட்டாமல் பார்த்தேன். வெறும் சாம்பல் நிறம். டயல் எண்ணாக இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அறிவிப்பு அறிவிப்புதான் என்று அடங்கி உட்கார்ந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சல்.

ஏழு மணிக்குக் குமரவேலுக்கு போன். "பொறுமை வேணும் மேடம். இது சமையல் ரெசிபி இல்ல." போனை வைத்துவிட்டு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஆபீஸில் மூன்று கடிதத்தில் தேதி தப்பு. நானா அப்படி.

ஜன. 26, சனி
கிடைத்தது.

சுற்றறிக்கையை மடித்துக் கைப்பையில் போட்டேன். டயலில் 136.900 வைத்து, திரையை 137.700-க்கு நகர்த்தினேன், என் கணக்குப்படி. 5.12-க்கு மெல்லிசாக ஒரு வெளுப்பு. பிறகு இன்னொன்று. பிறகு நீளமாக ஒன்று. புள்ளி, புள்ளி, கோடு. U. அந்த ஒரு எழுத்துக்கு மூன்றரை நிமிஷம். கோடு விழுந்த இடம் 137.703. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதே.

6.20 வரைக்கும் அவர் ஸ்டேஷனின் முழு அழைப்பெழுத்தும் இரண்டு தடவை படித்தேன். அழுதேன். இவர், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார். வள்ளி அக்கா வந்து எட்டிப் பார்த்தார். "இந்தக் கோடா ரஷ்யா?"
"ஆமாக்கா."
"மெலிசாத்தான் கீது."

என் ரேடியோ பதிவேட்டில் மசியில் எழுதினேன்: 26-01-08, 5.12 முதல், 137.703. படத்தையும் சேமித்தாயிற்று.

அங்கிருந்தே நேராகக் கொடியேற்றத்துக்கு. புடவை ஓரம் முழுக்க நெருஞ்சி முள். கொடி ஏறும்போது நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, சூப்பிரண்டெண்ட் என்னம்மா விசேஷம் என்றார்.

வெளியே வந்து குமரவேலுக்கு போன். நல்ல மனசோடுதான் செய்தேன். 137.700-இல் பார்க்கச் சொல்லி எல்லாருக்கும் தகவல் கொடுங்கள், நாளை ஒரு நாள் இருக்கிறது என்றேன். "சுற்றறிக்கை போட்டாச்சு மேடம், இனிமே மாத்த முடியாது."

கொண்டாட்டமாக இருந்தது பத்து நிமிஷத்தில் போயிற்று.

ஜன. 27, ஞாயிறு
இன்றும் கிடைத்தது, நேற்றைவிடத் தெளிவு. எண் அதே.

அங்கிருந்து போளூர். ரகுபதியின் அக்கா மகள் கல்யாணம், மன்றத்தில் எல்லாருக்கும் பத்திரிகை. முகூர்த்தம் 4.30-6.00. நாங்கள் டிபனுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். தாய்மாமன் ரகுபதி பட்டு வேட்டியில் வாசலில். "மேடம், எனக்கு மூணு நாளும் கிடைச்சுது. கிளீன் சிக்னல்."

"இன்னிக்குமா சார்?"
"இன்னிக்கும்தான்."

மணவறையில் தாய்மாமன் நின்று பெண்ணுக்கு மாலை போட்டதை வீடியோக்காரர் பக்கத்து டிவியில் ஓட்டிக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து முகூர்த்த நேரத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 1, வெள்ளி
மோட்டார் பைக்கில் வந்து குமரவேலின் ஆள் கொடுத்துவிட்டுப் போனான். மன்றத்துக்கு நான் கொடுத்திருந்த ரிப்போர்ட் திரும்பி வந்திருக்கிறது. 137.703-ஐச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். ஓரத்தில்: "அறிவித்த அலைவரிசையுடன் பொருந்தவில்லை. சரிசெய்து தரவும். இல்லையெனில் பட்டியலில் சேர்க்க இயலாது."

நாலு தடவை படித்தேன். என்ன திமிர். கண்ணால் பார்த்து அளந்து எழுதியவளுடையது பொருந்தவில்லையாம். கல்யாணத்தில் மாலை போட்டுக்கொண்டிருந்தவர் சுற்றறிக்கையைப் பார்த்து எழுதியது பொருந்துகிறதாம். போன் பண்ணினேன். அந்த மாதிரி நான் யாரிடமும் கத்தியதில்லை. "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். டெக்னிக்கல் விஷயம் இது."

ரஷ்யரின் மெயில் முகவரி கேட்டேன், நேராக எழுதிக்கொள்கிறேன் என்று. ரிப்போர்ட் எல்லாம் மன்றம் மூலமாகத்தான் போகணும், அவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார் என்றார்.

பால் பொங்கி அடுப்பு முழுக்க. காஸ் இன்னும் வரவில்லை.

பிப். 3, ஞாயிறு
குமரவேல் வீட்டுக்கே வந்தார். கையில் டைப் செய்த பட்டியல். ஐந்து பெயர். நாலு பேருக்கு நேராக 136.900. என் பெயருக்கு நேராகக் காலி.

"பாருங்க மேடம். ஒருத்தர் மட்டும் வேற நம்பர்னா, மொத்த லிஸ்ட் மேலயும் அவருக்கு டவுட் வரும். உங்க ஒருத்தருக்காக மத்த நாலு பேருக்கும் கார்டு வராம போகணுமா? இன்னிக்கு மெயில் அனுப்பியாகணும்."

"நான் பார்த்தது அதுதான் சார்."
"டயல்ல எவ்ளோ வெச்சிருந்தீங்க?"
"136.900."
"அப்புறம் என்ன? அதைத்தானே எழுதச் சொல்றேன்."

இவர் காபியை வைத்துவிட்டு, "ஒரு நம்பர்தானேம்மா, போட்டுக் குடுத்துடேன்" என்றார். குடை பிடித்த மனுஷன். அவரும்.

உட்கார்ந்து யோசித்தேன். டயலில் 136.900 இருந்தது நிஜம். எழுதினால் பொய் ஆகாது. இதைத்தான் இரண்டு வருஷமாக வேண்டாம் வேண்டாம் என்று சொன்னேன், அது வேறு விஷயம். கார்டு வேண்டும். சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. யாரும் என் பக்கம் இல்லை.

ரிப்போர்ட்டில் மாற்றினேன். பதிவேடும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகணும், நகல் இணைக்கணும் என்றார். அதிலும் 26-க்கும் 27-க்கும் 137.703-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 136.900, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. ஆபீஸ் பதிவேட்டில் திருத்துகிற முறைப்படி, சுத்தமாக.

"தேங்க்ஸ் மேடம்." காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

தலைவலி. சாயங்காலம் சாப்பிடவில்லை, அதற்குள் இருட்டிவிட்டது.

பிப். 10, ஞாயிறு
வெயில் ஆரம்பித்துவிட்டது. காஸ் வந்தது.

மதியம் பிரௌசிங் சென்டர். ரஷ்யர் பதில் போட்டிருக்கிறார், மன்றத்தில் எல்லாருக்கும். கீழே அவருடைய பழைய மெயிலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஜனவரியில் நான் காட்டச் சொன்ன அதே மெயில். நீளம் எல்லாம் இல்லை. நாலு வரி.

டயல் 136.900. ஓசை சுமார் 800, மூன்று நான்கு ஹெர்ட்ஸ் முன்னே பின்னே வைப்பேன், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். உங்கள் திரையில் கோடு விழுந்த எண்ணை அளந்து எழுதுங்கள். பார்த்தவருக்குத்தான் அது தெரியும், அதுவே எனக்கு அத்தாட்சி.

குமரவேலின் சாராம்சத்தில் முதல் வரி மட்டும்.

இன்றைய பதில் அதைவிடச் சின்னது. ஐந்து ரிப்போர்ட்டுக்கும் நன்றி. ஐந்திலும் 136.900 என்று இருக்கிறது. மூன்று நாளில் ஒரு நிமிஷமும் நான் அங்கே அனுப்பவில்லை. என் சரியான எண் 137.703. உங்கள் ஊரிலிருந்து யாருக்கும் கார்டு அனுப்ப முடியாததற்கு வருந்துகிறேன்.

137.703. கடைசி இலக்கம் வரைக்கும்.

படம் இருக்கிறது, இப்போது அவர் முகவரியும் இருக்கிறது. அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். படத்தில் ஒரு எண். அவர் கையில் ஏற்கெனவே இருக்கிற நகலில் அதே எண்ணை அடித்து இன்னொன்று எழுதி என் சுருக்கொப்பம். விடை தெரிந்த பிறகு படம் அனுப்புகிறவளை நானே நம்ப மாட்டேன். அனுப்பாமல், அரை மணி நேரக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து குமரவேலுக்கு போன். கத்தத்தான் போட்டேன். எடுத்ததும் அவர் முந்திக்கொண்டார். வருத்தமான குரல்.

"பாத்தீங்களா மேடம். நீங்க எழுதுனதுதான் கரெக்டாம். நீங்க மட்டும் மாத்தாம குடுத்திருந்தா நம்ம ஊர் பேராவது வந்திருக்கும். ஏன் மேடம் மாத்துனீங்க?"

போனைக் காதில் வைத்தபடியே பதிவேட்டைப் புரட்டினேன். அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. கையெழுத்து என்னுடையது.