லிஃப்ட் ஓடும்போது

மார்ச் 4, செவ்வாய்

ஆபீசில் என் மேசைக்குப் புது விளக்கு வந்தது. என் மூக்கின் நிழல் சர்க்யூட் போர்டின் மேல் விழாமல் சால்டர் செய்ய முடிகிறது. சின்ன சந்தோஷம்.

மதியம் அக்கா போன். நான் செய்து கொடுத்த ரிசீவர் மறுபடியும் கடகடவென்கிறதாம், தலைவர் பேசும்போது நடுவில் பாதிப் பேச்சை விழுங்கிவிடுகிறதாம். நகர மன்றக் கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெடுப்பது அவள் வேலை. பிறவியிலிருந்தே காது மந்தம். தலைவரின் சட்டையில் குத்தியிருக்கும் மைக் எஃப்.எம். அலையாக அனுப்புவதை, அவள் கழுத்தில் தொங்கும் என் பெட்டி பிடித்துக் காதில் போடும். கடையில் விற்பது செங்கல் மாதிரி இருந்தது. நான் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, அழகாகச் செய்து கொடுத்தேன். அதிலிருந்து மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னை 'விஞ்ஞானி' என்றுதான் கூப்பிடுகிறார்.

"ஒரு தடவை வந்து பாரேன்டி" என்றாள். எத்தனையாவது தடவையோ.

"இங்க என் மேசையில கண்ணாடி மாதிரி கேக்குதுக்கா."

பொய் இல்லை. இங்கே அப்படித்தான் கேட்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அக்கா மறுபடி ஆரம்பித்தாள். மூன்று முறை பிரித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுமே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "அக்கா, பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உன் காதுலதான். வயசாகுது, ஒத்துக்கோயேன்."

மாமா, "விஞ்ஞானியே சொல்லியாச்சு, அப்புறம் என்ன அப்பீல்?" என்று சிரித்துப் பார்த்தார். அக்கா கூந்தலை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

சொன்ன விதம் கொஞ்சம் காரம்தான். ஆனால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

மார்ச் 12, புதன்

இன்று கூட்ட நாள். அக்கா போன் செய்யவில்லை. நிம்மதி.

மார்ச் 17, திங்கள்

அம்மாவின் மாத்திரையைப் பற்றிக் கேட்க அக்கா கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாகப் பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

பார்த்தாயா? தானாகச் சரியாகிவிட்டது!

மார்ச் 20, வியாழன்

சரியாகவில்லை.

கூட்ட வேலை வேண்டாம், கோப்பு அறைக்கு மாற்றிவிடுங்கள் என்று அக்கா மேலாளரிடம் கேட்டிருக்கிறாளாம். திங்கட்கிழமை உத்தரவு வருமாம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். "காது ரொம்பப் போயிடுச்சாம். தப்பா எழுதிப் பேர் கெடறதுக்கு முன்னாடி நானே ஒதுங்கிக்கறேன்னு சொல்றா" என்றாள் அம்மா. காது மந்தமானவளுக்குக் குறிப்பெடுக்கும் வேலையா என்று சிரித்தவர்களிடம் மல்லுக்கு நின்று வாங்கிய நாற்காலி அது.

நாளை காலை காது டாக்டரிடம் போகிறாள். பெட்டியை மன்றத்திலேயே விட்டுவிட்டாளாம். எடுத்து வரும் வேலை என் தலையில்.

மார்ச் 21, வெள்ளி

எங்கிருந்து எழுதுவது?

மன்றத்துக்குள் இன்றுதான் முதல்முறையாகப் போனேன். இத்தனை நாள் வா வா என்று கூப்பிட்டும் போகாதவள். காவலாளி அக்காவின் இடத்தைக் காட்டினார். கடைசி வரிசை, சுவரை ஒட்டி. மன்றத்துக்குப் பெயின்ட் அடித்த பிறகு அவளை அங்கே தள்ளிவிட்டார்களாம். மேசையில் என் பெட்டி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தாள். முன்னால் மைக்காரர் தலைவரின் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். சும்மா, சும்மாதான், அதை மாட்டிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு." துல்லியம். எனக்குள் ஒரு சின்னக் கர்வம்கூட வந்தது.

அப்போது சுவருக்குப் பின்னால் லிஃப்ட் கிளம்பியது. காதுக்குள் கடகடவென்று யாரோ ஜல்லியைக் கொட்டியது போல. மைக்காரரின் வாய் மட்டும் அசைந்தது. லிஃப்ட் நின்றதும் "ஏழு, எட்டு" என்று கேட்டது.

என் காதில் ஒரு கோளாறும் இல்லை. குறை இல்லாத இரண்டு காதுகளோடு உட்கார்ந்திருந்தேன், நடுவில் போனது எதுவும் எனக்கும் கேட்கவில்லை.

திரும்பவும் ஓடியது. திரும்பவும் கடகட. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அக்கா இதே இடத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, என் காதுதான், என் காதுதான் என்று நினைத்துக்கொண்டு… சீ. நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஆபீசுக்கு ஓடினேன். அலை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை எப்போதும் போலப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதிக்காமல், ஒரு மோட்டாரை ஓடவிட்டுச் சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அதே கடகட. அரை மணி நேர வேலை. இதை நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

எஃப்.எம்.மில் சேதி அலையின் உயரத்தில் இல்லை. அது எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதில் இருக்கிறது. லிஃப்ட் மோட்டார் பொறி விட்டால் கெடுவது பெரும்பாலும் உயரம். அதனால்தான் சேதியைப் பிரிப்பதற்கு முன்னால் லிமிட்டர். வேலி ஓரச் செடியைக் கத்தரிப்பது போல, எல்லா அலையையும் ஒரே மட்டத்துக்கு வெட்டிவிடும். பொறியின் கூத்தும் அதோடு போய்விடும். ஆனால் செடி கத்தரிக்கோலின் உயரத்துக்கு வளர்ந்தால்தானே வெட்ட முடியும்? அப்படி வளர்த்துவிட, லிமிட்டருக்கு முன்னால் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. பெட்டி சின்னதாக வேண்டும், பேட்டரி நிறைய நாள் வர வேண்டும் என்று அதை எடுத்தவள் நான். மேசையில் சிக்னல் பலமாக இருந்ததால் லிமிட்டர் ஒழுங்காக வெட்டியது. கடைசி வரிசையில் சிக்னல் நோஞ்சான். வெட்டவே இல்லை. பொறி அப்படியே அவள் காதுக்குள்.

தெரியாத விஷயம் என்றாலாவது மனம் ஆறும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது.

மார்ச் 22, சனி

எடுத்ததைத் திரும்ப வைத்தேன். பெட்டி இப்போது சோப்பு டப்பா அளவு, பார்க்கச் சகிக்கவில்லை. மன்றத்தில் கெஞ்சி உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். லிஃப்ட் ஓடுவது சுவர் வழியாகத்தான் தெரிந்தது, காதில் ஒன்றுமில்லை.

அங்கிருந்து நேராக அக்கா வீடு. மாமா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். தப்பு என்னோடது, உன் காது இல்ல, என்னை மன்னிச்சிடுக்கா. அழுதுவிட்டேன் என்றும் எழுதி வைக்கிறேன்.

அவள் அழவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "டாக்டரும் நேத்து அதான் சொன்னார். போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்காம். நான்தான் அவரை நம்பல. உன்னை நம்பினேன்" என்றாள்.

அடித்திருக்கலாம்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னே. இன்னைக்கு மட்டும் ஏன்டி கதவைச் சாத்திட்டுச் சொல்றே?"



மார்ச் 23, ஞாயிறு

அதே மேசை, அதே ஆட்கள். மாமா ஏதோ கிரிக்கெட் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். இல்லை, ஒளிந்துகொண்டிருந்தேன்.

"அக்கா காதுல ஒண்ணும் இல்ல. கோளாறு நான் செஞ்ச பெட்டியில. அவ சொன்னது எல்லாமே சரி. போய்ப் பார்க்காம, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

சொல்ல நினைத்து வைத்திருந்தது இன்னும் நிறைய, அதோடு நிறுத்திக்கொண்டேன். மாமா கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. அது இன்னும் மோசம். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பள்ளியில் ஒருமுறை காப்பியடித்து மாட்டியபோது பார்த்தாளே, அது.

அக்கா, "தண்ணியை இந்தப் பக்கம் தள்ளு" என்றாள்.

கிளம்பும்போது அந்தச் சோப்பு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மேலாளரிடம் பேசுவாயா என்று கேட்க எனக்கு என்ன தகுதி? கேட்கவில்லை.

மார்ச் 26, புதன்

லீவு போட்டுவிட்டுப் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். கடைசி நாற்காலியில் அக்கா! கழுத்தில் டப்பா. வடிகாலைப் பற்றித் தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். சுவருக்குப் பின்னால் லிஃப்ட் கிளம்பியது. அக்காவின் பேனா நிற்கவில்லை.

என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

அக்கா போன்! டப்பா கனக்கிறதாம், கழுத்து வலிக்கிறதாம். கிளிப் சேலையைக் கிழிக்கிறதாம். பேட்டரி மூடியைத் திறக்க நகம் உடைகிறதாம். "இதையெல்லாம் ஒரு மனுஷி கழுத்துல மாட்டுவான்னு யோசிச்சியா இல்லியா?" மூச்சு விடாமல் குறை சொன்னாள். கோளாறு உன் காதில்தான் என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டேன்.

கடைசியாக, தலைவர் மெதுவாகப் பேசினால் சில எழுத்து மங்கலாக இருக்கிறது என்றாள். மாலையில் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பலமான சிக்னல், நோஞ்சான் சிக்னல், லிஃப்ட் எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது? "நாளைக்கு இன்னொரு தடவை பாக்கறேன்க்கா" என்றேன்.

"வேணாம்டி" என்றாள். "அது என் காது. எனக்குத் தெரியும். அதை நான்தான் சொல்லுவேன், நீ சொல்லக் கூடாது. நீ கிளிப்பை மாத்து."

கிளிப்பை மாற்றினேன். மூடியின் ஓரத்தையும் கொஞ்சம் தேய்த்து வைத்திருக்கிறேன்.