நடுவுல மலையா?

அன்புள்ள அப்பாவுக்கு, பிளெஸ்ஸி எழுதுறேன். கால் வீக்கம் வடிஞ்சிருச்சா? ஏதென்ஸ்ல குளிர் தொடங்கிருச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்.

நேத்து வகுப்புல ஒரு வேடிக்கை. பழங்கால கிரேக்கத்துல ஊருக்கு ஊர் மலை மறிச்சதால தனித்தனியாவே வாழ்ந்து அடிச்சுக்குவாங்களாம். சாமி கும்பிட மட்டும் சண்டைய விட்டுட்டு ஒண்ணாக் கூடுவாங்களாம். எங்க ஊர்ல சாமி ஒண்ணு, கல்லறைத் தோட்டம் ரெண்டுன்னேன். "நடுவுல மலையா?"ன்னு கேட்டாங்க புரொபசர். "இல்ல மேடம், சுவர்"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன்.

முந்திரிப்பருப்பு அனுப்புங்க. கொஞ்சம் போதும், பங்கு போட ஆளில்ல.

வகுப்புக்கு நேரமாச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணு. கல்லறைத் திருநாளன்னைக்கு அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்தும்போது பீட்டருக்கும் ஏத்துங்க. நீங்க பொண்ணு தரமாட்டேன்னதும் பூச்சிமருந்தக் குடிச்சானே, அவனுக்குத்தான். அந்தப் பக்கம் போறது கௌரவக்குறைச்சல்னா, அவனைப் புதைச்ச மறுநாளே நீங்க எழுப்புன சுவர் மேலயே வச்சிருங்க. நல்லா அகலமாத்தானே கட்டியிருக்கீங்க.

பிளெஸ்ஸி