பன்னிரண்டாவது ஆளாக என்னையும் சேர்க்கக் கோருதல்

அனுப்புநர்:
லிஃப்ட் பராமரிப்புத் தொழில்நுட்பர்,
நான்காம் மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம்.

பொருள்: ஞாயிறு ஜெபக் கூட்ட வழக்கில் விடுபட்ட என் பெயரைச் சேர்க்கவும், என் அக்காவின் தையல் அறையைத் திறக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 12.10.2025, ஞாயிறு காலை 9.40 மணிக்கு என் அக்காவின் தையல் அறையில் ஜெபம் செய்துகொண்டிருந்தவர்கள் பன்னிரண்டு பேர். தங்கள் ஆய்வாளரின் அறிக்கையில் பதினொரு பேர்தான் இருக்கிறார்கள். எண்ணிக்கை தவறு. பன்னிரண்டாவது ஆள் நான்.

2. தவறு நேர்ந்த விதம்: எங்கள் பாட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை என்று கட்டடச் சங்கச் செயலாளர் புகார் கொடுத்தார். ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். வழிகாட்டச் செயலாளரும் லிஃப்டில் ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அது நின்றது. விளக்கும் அணைந்தது. கதவுச் சுவிட்சை மாற்றச் சொல்லி அவருக்கு மூன்று மாதமாக எழுதிக் கொடுக்கிறேன். அது தனிப் புகார், இங்கே வேண்டாம்.

3. அபாய மணி கேட்டதும் பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே ஓடிவந்தோம். உள்ளேயிருந்து ஒரு காவலர், "ஏம்மா, பாட்டை ஏன் நிறுத்திட்டீங்க? ஒரே இருட்டா இருக்கு, அதாவது கேட்டுட்டு இருக்கட்டும்!" என்று கத்தினார். அக்கா லிஃப்ட் வாசலிலேயே நின்று பாட ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் மொட்டைமாடிக்குப் போய் மோட்டார்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மேலே ஏற்றினேன். உள்ளே ஆய்வாளர் தாளம் போட்டதாகச் செயலாளரே பிறகு சொன்னார்.

4. நான் இறங்கி வந்து லிஃப்ட் கதவைத் திறந்ததும் ஆய்வாளர் என் தோளில் தட்டி, "நல்ல நேரத்துல வந்த தம்பி. நீ கிளம்பு, இது உனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்றார். "சார், நானும் இவங்க ஆளுதான். இயேசுவைக் கும்பிடுறவன்தான்" என்றேன். என் கை கிரீஸைப் பார்த்துச் சிரித்தார். "மெக்கானிக்கை எல்லாம் எழுத முடியாதுப்பா" என்றார். மெக்கானிக் ஜெபம் செய்வதில்லை என்று எந்த விதியில் உள்ளது ஐயா?

5. இனிக் கூடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். "ரூமைப் பூட்டிக்கோங்க சார். பொய் எழுத மட்டும் சொல்லாதீங்க" என்றாள் அக்கா. ஒருவரும் எழுதவில்லை. பதினொரு பேர் மேல் வழக்குப் போட்டு, அறையையும் பூட்டிவிட்டார்கள். உள்ளே மூன்று தையல் மெஷின்களும் பாதி தைத்த பள்ளிச் சீருடைகளும் கிடக்கின்றன. அக்கா குடும்பம் அந்த அறையை நம்பித்தான் இருக்கிறது.

6. ஆனாலும் அன்று மதியம் வீட்டில் ஒருவரும் அழவில்லை. "வழக்கு இல்லாதவனுக்கு இங்க நாற்காலி கிடையாது, கீழே உட்காருடா" என்றார் மச்சான். "மாமா மட்டும் ரொம்ப நல்ல பிள்ளை" என்றாள் அக்கா மகள். "விடுங்க பாவம், அடுத்த தடவை சேர்த்துக்குவாங்க" என்று அக்கா சமாதானம் சொன்னாள். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. என்னால் அடுத்த தடவை வரை காத்திருக்க முடியாது.

7. வழக்கு இருந்தால் என் லிஃப்ட் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். தெரிந்தேதான் கேட்கிறேன். சத்தம் அதிகம் என்றால் அளந்து காட்டுங்கள், குறைத்துக்கொள்கிறோம். பாடுவதே குற்றம் என்றால் அதில் குறைக்க ஒன்றுமில்லை.

எனவே என் பெயரைச் சேர்த்து, அறையைத் திறந்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதில் வரும்வரை நான் செய்யப்போவது:

1. இன்றே அந்தக் கதவுச் சுவிட்சை என் செலவில் மாற்றுவேன். செயலாளர் தினமும் ஏறி இறங்குகிறார்.
2. வியாழன் காலை பத்து மணிக்கு உரிம அட்டையுடன் தங்கள் அலுவலகத்துக்கு வருவேன். கை கழுவிவிட்டு வருவேன்.
3. ஞாயிறன்றும் அறை பூட்டியிருந்தால் லிஃப்ட் வாசலில் கூடுவோம். பன்னிரண்டு பேர், சரியாக எண்ணிக்கொள்ளவும்.
4. ஆய்வாளர் வரும்போது லிஃப்ட் மறுபடியும் நின்றால், நான் மேலே போய்ச் சக்கரத்தைச் சுற்றுவேன். வாசலில் பாட்டு நிற்காது.

நாள்: 13.10.2025
இடம்: பூட்டிய அறைக்கு எதிர் வீடு

இப்படிக்கு,
அறிக்கையில் விடுபட்டவன்
(ஒப்பம்)