புழு வீட்டில் வைத்த கண் மருந்து

தளி
18-2-1956

சௌபாக்கியவதி சரோஜம்மாளுக்கு அம்மா எழுதுவது. கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். இங்கே எல்லாரும் சுகம். இந்தச் சுகத்தை இன்றைக்குத்தான் மனசார எழுதுகிறேன், போன கடிதத்தில் எழுதியது பாதிதான். உன் அப்பாவுக்குக் கண்வலி என்று மட்டும் அதில் சொல்லியிருந்தேன். உடனே நீ, போன வருஷம் உனக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் கொடுத்த கண் மருந்து அரைப் புட்டி மிச்சம் இருக்கிறது, பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உன் பாசம் எனக்குத் தெரியாதா, ஆனால் அனுப்பாதே அம்மா. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கிவைத்துவிட்டு வந்து படி.

பட்டுப்புழு தோல் உரிக்கும் இரண்டாம் தூக்கத்தில் இருந்த சமயம் உன் அப்பாவுக்கு வலது கண் சிவந்து, காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது. ஓசூர் டாக்டரிடம் போனோம். பென்சிலின் ஊசி போட்டு எப்போதாவது உடம்பு தடித்ததா என்று கேட்டுக்கொண்டு, பென்சிலின் சொட்டு மருந்து கொடுத்தார். குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், சிவப்பு போனாலும் நான் சொன்ன நாள் வரை கண்ணில் விடுங்கள், அதற்குமேல் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். உன் அப்பா பெரிதாகத் தலையாட்டினார். வரும் வழியில், தளியில் எந்த இடம் குளிர்ச்சி இல்லை, இதைப் போய் ஒரு டாக்டர் சொல்லவேண்டுமா என்று பஸ்ஸில் எல்லாரும் கேட்கச் சிரித்தார். சிரித்த மனுஷன் மருந்தைக் கொண்டுபோய் எங்கே வைத்தார் தெரியுமா, புழு வீட்டில். நாள் முழுக்க அங்கேதானே இருக்கிறேன், கைக்கெட்டும் என்றாராம். இந்த ஊர்க் குளிர் புழுவுக்கு ஆகாது என்று இரவும் பகலும் தணல் போட்டு வைத்திருக்கிற இடம் அது ஒன்றுதான். நான் சாணிக்கும் தழைக்கும் அலைந்துகொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவில்லை.

அது போதாதென்று பக்கத்துத் தோட்டத்துக் கங்கப்பனுக்கும் கண் சிவந்து வந்து நின்றான். அவன் கன்னடத்தில் அண்ணா அண்ணா என்று இழுத்தால் உன் அப்பாவுக்கு மனசு தாங்காது, உனக்கே தெரியும். இவருடைய சொட்டுக் குழாயிலேயே அவனுக்கும் விட்டு, இமையில் பட்ட குழாயைத் திரும்பப் புட்டிக்குள் போட்டு, அதையே தனக்கும் விட்டுக்கொண்டிருக்கிறார். சிவப்பு கொஞ்சம் தணிந்ததும் அதையும் நிறுத்திவிட்டார். பிறகு ஒரு வாரம் கழித்து வந்தது பார், கண் வீங்கி, வெளிச்சம் பட்டால் துடித்துப்போவார், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. பழைய மருந்தையே விட்டுப் பார்க்கலாம் என்றார். இலைச்சாறு பிழியச் சொல்லி ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் யார் பேச்சையும் கேட்காமல் அவரைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டேன்.

டாக்டர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், உள்ளே நூல் நூலாக என்னவோ மிதந்தது. அப்படியே குப்பையில் போட்டார். சூட்டில் மருந்து கெட்டுவிட்டது, அடுத்தவர் கண்ணில் பட்ட குழாய் வேறு, புண் ஆறும், பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்லமாட்டேன் என்றார். உன் அப்பா அதற்கும், ஒரு மனுசனுக்கு மருந்து இல்லேன்னு எப்படிச் சொல்றது என்று முனகினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்தவன் புழுத் தட்ட நம்ம புழு வூட்டுக்குள்ள வுடுவீங்களா? காலு கழுவாம வந்தா பெத்த புள்ளயவே தொரத்துவீங்க. புழுவுக்கு இருக்கிற மரியாத உங்க கண்ணுக்கு இல்லியா?" என்று டாக்டர் எதிரிலேயே கேட்டுவிட்டேன்.

புது மருந்தை எப்படி விடுவது என்று டாக்டர் எனக்கே கற்றுக்கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பீளையைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தத் துணியால் துடைத்துவிட்டு, அவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழ் இமையை மெல்ல இழுத்து அந்தப் பள்ளத்தில் ஒரே சொட்டு, குழாய் கண்ணிலும் படக்கூடாது இமையிலும் படக்கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் சற்று அழுத்தவேண்டும். புட்டியை ஈர மணலில் புதைத்த சட்டிக்குள் வைத்தேன். அவர் துண்டு, தலையணை உறை எல்லாம் தனி. கங்கப்பனையும் ஓசூருக்கே துரத்தினேன், அவனுக்கு அவன் மருந்து, இப்போது கண் தெளிந்துவிட்டது. உன் அப்பா குழந்தை மாதிரி தினமும் அண்ணாந்து உட்காருவார். அப்போது மட்டும்தான் நான் சொன்னதைக் கேட்கிறார் என்பது எனக்கு ஒரு பக்கம் திருப்திதான். ஆனால் மற்ற நேரத்தில் கண் சரியாகத் தெரியாமல் தழை நறுக்கக்கூடப் பயந்து கத்தியைக் கீழே வைத்துவிடுவார், அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

நேற்று திரும்பக் காட்டப் போனோம். டாக்டர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, இந்தக் கண்ணில் எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். உன் அப்பா சொன்னார், "எம்பொண்டாட்டி நிக்கிறா. அழுதுகினு நிக்கிறா. அவ மூக்குத்தியில ஒரு கல்லக் காணோம்."

தொட்டுப் பார்த்தேன், நிஜமாகவே இல்லை. எப்போது விழுந்ததோ, எனக்கே தெரியவில்லை. நீ மூக்குத்தி கேட்டு அழுத வயசில் உன் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த கல், அது போனதற்கு நான் அந்த இடத்திலேயே சிரித்தேன் சரோஜா.

சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. உன் தம்பி திம்மராயன் பட்டுக்கூடு விற்க ஓசூர் போயிருக்கிறான். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். வெங்கடரமணசாமி உன் வயிற்றையும் கண்ணையும் குளிர வைக்கட்டும், தீர்க்க சுமங்கலியாய் இரு. அந்த அரைப் புட்டியை இந்தக் கடிதம் படித்த கையோடு கொட்டிவிடு, பத்திரமாக எடுத்து வைக்காதே, உன் அப்பா பெண் நீ.

இப்படிக்கு, உன் நினைவாகவே இருக்கும் அம்மா
நாராயணம்மா