ஆர்ச்சைத் தாண்டிய தண்ணீர்

காலை 8.40, கொடிப் பாதையின் முடிவு

சனிக் கோளின் நிலா டைட்டன், வடக்குப் பள்ளத்தாக்கு. எழுதுபவள் இசக்கியம்மாள், ஆறுகளையும் அருவிகளையும் ஆராய்பவள், சொந்த ஊர் குற்றாலம். நிலையத்தில் இருப்பது இரண்டே பேர், நானும் மெக்கானிக் மரியசூசையும். வெளியே மைனஸ் 179 டிகிரி. காப்புடை சரியாக இருக்கிறது. மாலைக்குள் திரும்பிவிடுவேன்.

வழி அடையாளத்துக்கு நாங்கள் நட்ட கொடிகள் இங்கே முடிகின்றன. இதற்கு மேல் வரைபடமும் இல்லை. ஆனால் எங்கோ அருவி விழுகிறது. இங்கே காற்று கனம், சத்தம் வெகுதூரம் வரும். வானொலியில் சூசைக்குச் சொன்னேன்.

"அக்கா, கொடிய விட்டு எறங்காதிய. மேப் இல்லாம எப்படிப் போவிய?"

"காது இருக்குல்லா? ரெண்டு காதுலயும் சத்தத்த சமமா வச்சுட்டு நட. அதுவே அருவியில கொண்டுபோய் விட்டுரும்."

பாடம் நடத்திவிட்டு இறங்கினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பகல் 11.15, அருவி

இருக்கிறது! மூன்று ஆள் உயரம். விழுவது திரவ மீத்தேன்தான், ஆனால் எனக்குத் தண்ணீர் என்றுதான் எழுத வருகிறது. ஈர்ப்பு குறைவு, அதனால் அவசரமே இல்லாமல் இறங்குகிறது. பின்னால் ஒரு குடைவு. முன்னால் வில்லாக வளைந்த ஒரு பாறை, அதற்கு 'ஆர்ச்' என்று பெயர் வைத்துவிட்டேன். எங்கள் ஊர் மெயின் அருவியில் தண்ணீர் அங்குள்ள ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் வெள்ளம் என்று போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடும். இங்கே விசில் அடிக்க ஆள் இல்லை.

குடைவுக்குள் புகுந்ததும் முதுகைப் பாறையோடு ஒட்டிக்கொண்டேன். குற்றாலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். இல்லையென்றால் அடுத்து வருகிறவன் இடித்துத் தள்ளிவிடுவான். கண்ணை மூடி நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

பகல் 11.50

கிளம்பப் பார்த்தேன். முடியவில்லை.

இங்கே பாறை என்பது அம்மோனியா கலந்த பனி. காப்புடையின் சூடு முதுகுப் பெட்டியின் தகடு வழியாகத்தான் வெளியேறும். அந்தச் சூட்டில் பனி உருகி, முதுகுப் பெட்டி உள்ளே இறங்கியிருக்கிறது. உருகியது ஓரங்களில் மறுபடி உறைந்து பிடித்துக்கொண்டது. எங்கும் சாயாதே என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். பழக்கம் அதைவிடப் பழையது.

சூட்டைக் கூட்டினால் இன்னும் உள்ளே போகிறேன். குறைத்தால் பிடி இறுகுகிறது. இழுத்துப் பார்த்ததில் தோள்பட்டைதான் வலிக்கிறது. நான் பேசுவதை அனுப்பும் ஆன்டெனாவும் முதுகில், பனிக்குள். அவன் பேசுவது மட்டும் ஹெல்மெட்டில் கேட்கும். நான் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி மார்பில், அது வேலை செய்கிறது. கைகளும் விரல்களும் அசைகின்றன, அதனால் எழுதுகிறேன்.

பிற்பகல் 1.30

"அக்கா, ஏன் பேச மாட்டேங்கிய? சிக்னல் அசையவே இல்லையே. பனிவெட்டி எடுத்துட்டுக் கெளம்பிட்டேன், அங்கயே இருங்க."

அங்கேயே இருங்களாம்! சிரித்தேன், பிறகு அழுதேன். பனிவெட்டி இருந்தால் கொஞ்ச நேரத்தில் என்னைச் செதுக்கி எடுத்துவிடுவான். வரட்டும். சீக்கிரம் வரட்டும்.

பிற்பகல் 3.05

மலை உச்சியில் எங்கோ மழை கொட்டியிருக்கிறது. அருவி டீ நிறத்தில் பருத்துவிட்டது. தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறது.

குடைவுக்குள் முழங்கால் வரை நிற்கிறது. சூசை வரும் வழி ஆற்றுப் படுகை, இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், ஒதுங்க ஓரடி இடமில்லை. வெள்ளம் இறங்கினால் அவனை உருட்டிக்கொண்டு போய்விடும். அவன் இருக்கும் இடத்தில் இன்னும் எதுவும் தெரிந்திருக்காது. நான்தான் சொல்ல வேண்டும், எனக்கோ வாய் இல்லை.

சிக்னலை அணைத்து அணைத்துப் போட்டேன். ஆபத்து என்று புரிந்துகொள்வான் என நினைத்தேன்.

"பேட்டரி வீக்காயிட்டு போல. இந்தா ஓடி வாரேன்க்கா."

ஓடி வருகிறானாம், மடப்பயல்.

பிற்பகல் 3.40

இடுப்பு வரை. காப்புடையின் சூட்டைத் தண்ணீர் உறிஞ்சுகிறது, முழுக்க மூழ்கினால் உறைந்துவிடுவேன்.

பயமாக இருக்கிறது. எனக்குச் சாக மனசில்லை. அவன் வந்தால் ஒருவேளை நான் பிழைக்கலாம், ஒருவேளை. அந்த ஒருவேளைக்காக அவனைச் சாகக் கூப்பிட முடியாது. சிக்னல் இல்லையென்றால் இந்தக் கிளைப் பள்ளங்களில் அவனுக்கு வழி தெரியாது. கொடிகளுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

அணைத்துவிட்டேன். இனி யாருக்கும் நான் இருக்கும் இடம் தெரியாது. போ சூசை, வீட்டுக்குப் போ.

நேரம் பார்க்க முடியவில்லை

"அக்கா, சிக்னல் போயிருச்சு. பயப்படாதிய. நீங்க சொன்ன மாரியே ரெண்டு காதுலயும் சத்தத்த சமமா வச்சுட்டு வாரேன். இப்ப முன்னவிட நல்லாவே கேக்கு."

கேட்கும். வெள்ளம் ஏற ஏற இன்னும் நன்றாகக் கேட்கும்.

கத்திப் பார்த்தேன். அருவி எல்லாவற்றையும் விழுங்குகிறது. மார்பு வரை வந்துவிட்டது, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி எழுதுகி

அருவித் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் ஆடுகிறது. நேராக வருகிறான், கொஞ்சம்கூட விலகவில்லை. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மேலே பெரிதாக ஏதோ இரைகிறது சூசை திரும்பிப் போ திரும்